ஹெதர் போடாத சட்டம்

ஆரூரன், இந்தக் கடிதத்தை உனக்குக் கவிதாதான் வாசித்துக் காட்டப்போகிறாள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். தமிழ் கேட்டால் உனக்கு விளங்கும். எழுத்துக்கூட்டி வாசிப்பதென்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் இருபத்தேழு வருடமாக நான் ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் நான் வேலை செய்த கிண்டரின், பாலர் பள்ளியின், படிவங்கள்தான். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு விழுந்தது, எந்த முழங்காலில் உரசல், ஐஸ் வைத்தது யார். அந்த மொழியில் மனதைத் திறக்கப் போனால் அதுவும் ஒரு விபத்துப் படிவமாகத்தான் வந்து முடியும். ஆகவே இது உறையில் மூடி ஒட்டிய இரகசியக் கடிதம் இல்லை. உன் மனைவி முதலில் அறியட்டும், விருப்பமென்றால் அப்பாவும் வாசிக்கட்டும். கவிதா, மகள், நடுவில் நிறுத்தாமல் வாசி. நான் என்னைப் பற்றிக் கூடாமல் எழுதியிருக்கும் இடங்களில் உன் குரலைத் தணித்து வாசிக்காதே.

போன மாதம் என் பிரியாவிடைத் தேநீருக்கு நீங்கள் மூன்று பேரும் சிட்னியிலிருந்து வந்தீர்கள். அந்த மல்கிரேவ் கிண்டரின் ஒற்றை அறையில், பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். என் பேத்தி நிலா மண்பெட்டிக்குள் போய் இறங்கிவிட்டாள். என்னை வேலைக்கு எடுத்த ஹெதரும் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, கையில் ஊன்றுகோல், தலைமுடி முழுக்க வெள்ளை. எல்லோரும் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்ன பிறகு நீ கோப்பையில் கரண்டியால் தட்டி எழும்பினாய். நீ ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு இன்னும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது; எங்கள் தமிழில் எழுதுகிறேன். "என்ர அம்மாவின்ர முதலாளி எவ்வளவு கண்டிப்பானவ தெரியுமோ? நாலு வயசில இந்த அறைக்குள்ள எனக்கு 'மம்' எண்டு கூப்பிட அனுமதி இல்லை. சூ எண்டுதான் கூப்பிட வேணும். மாறிக் கூப்பிட்டால் அம்மாவை வேலையால நிப்பாட்டிப்போடுவினம். பரவாயில்லை ஹெதர், நான் உங்களை மன்னிச்சிட்டன்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஹெதரும் சிரித்தார், மற்றவர்களைவிட ஒரு கணம் பிந்தி. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கேக் வெட்டுகிற கத்தியைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டேன்.

அப்படி ஒரு சட்டத்தை ஹெதர் போடவே இல்லை, ராசா. அந்தச் சட்டத்தைப் போட்டது நான்.

நீ கிண்டருக்குப் போகத் தொடங்கிய வருடம்தான் அப்பாவுக்கு முதுகு பிடித்தது. பாண் தொழிற்சாலையில் மா மூட்டை தூக்கி வந்த நோ. கட்டிலிலிருந்து எழும்பிக் குளிக்கப் போவதற்கே என் தோள் வேண்டியிருந்தது. நான் குழந்தை பராமரிப்புப் படிப்பை முடித்து ஆறு மாதம் ஆகியும் எவரும் என்னைக் கூப்பிடவில்லை. நேர்முகத்துக்குப் போன இடங்களில் எல்லாம் நான் சொல்வதை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார்கள். ஹெதர் மட்டும் ஒரு தரம் கேட்டார், விளங்கிக்கொண்டார், மூன்று மாதம் வேலை செய்து பார் என்றார். அந்த அறையில்தான் நீயும் படிக்கப்போகிறாய் என்று சொன்னபோது, "அவனுக்கு முதல் கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும், பார்ப்போம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுகந்தினி என்ற என் பெயர் பிள்ளைகளின் வாய்க்குள் நுழையாததால் நானே சூ என்று சொல்லிக்கொடுத்தேன். நாயை ஏவுகிற சத்தம் என்று அப்பா வீட்டில் இருந்து சிரித்தார்.

முதல் கிழமை நீ சும்மா இருக்கவில்லை. யாராவது ஒரு பிள்ளை என் மடியில் வந்து இருந்தால் ஓடிவந்து அந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டு நீ ஏறினாய். கதை வாசிக்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாய். வியாழக்கிழமை, உதவிக்கு வந்திருந்த, உன்னோடு படித்த லியாமின் தாய், கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருக்கிற பெண், உன்னைப் பார்த்துச் சிரித்தபடி, "அம்மாவை முழுக்கத் தனக்கென்று வைத்திருக்கக் கொடுத்து வைத்தவன்" என்றாள். அவ்வளவுதான். முறைப்பாடு செய்யவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. இதை அவள் இன்னொருத்தியிடம் சொல்வாள், அவள் ஹெதரிடம் சொல்வாள், மூன்று மாதம் முடிய என்னை அனுப்பிவிடுவார்கள் என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் குசினியில் உன்னை மேசையில் தூக்கி இருத்தி வைத்துச் சொன்னேன். "கிண்டருக்குள்ள நான் அம்மா இல்லை. எல்லாப் பிள்ளையளும் கூப்பிடுற மாதிரி சூ எண்டுதான் நீயும் கூப்பிட வேணும். தமிழும் கதைக்கக் கூடாது. ஹெதரின்ர சட்டம். இல்லாட்டி அம்மாவை வீட்ட அனுப்பிப்போடுவா."

"வீட்ட அனுப்பினா நல்லந்தானே?" என்றாய்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். நான் குரலை உயர்த்தி, அப்பாவுக்கு நோ, அம்மா வேலைக்குப் போகாவிட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருக்க ஏலாது என்று சொன்னேன். உன் முகம் மாறியதை நான் கண்டேன். நாலு வயதுப் பிள்ளைக்கு வீடு போய்விடும் என்று சொன்னால் அவன் எதைத்தான் செய்யமாட்டான்? அடுத்த நாள் காலை அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஹலோ சூ" என்றாய். நானும் உன் பெயரைச் சுருக்கி, "ஹலோ ஆரன்" என்றேன். ஹெதர் எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் தவணையில் இலையுதிர்காலப் பாடங்கள் தொடங்கின. எனக்கும் அது புதுசு. உன்னோடு சேர்ந்துதான் நானும் அதைப் படித்தேன். பிள்ளைகள் முற்றத்தில் பொறுக்கிய இலைகளை வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்து, மெழுகுப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பார்கள். இலையின் நரம்பெல்லாம் தாளில் எழும்பி வரும். முட்டைப் பெட்டிக் குழிகளில் ஓக் மரத்து ஏகோர்ன் விதைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுவார்கள். பூசணிக்காயை வெட்டி உள்ளே கையை விட்டு விதை எடுப்பார்கள், பிறகு அதே பூசணியில் சூப் காய்ச்சிக் குடிப்பார்கள். சுவரில் ஹெதர் மண்ணிறக் கடதாசியில் மொட்டையாக ஒரு பெரிய மரம் ஒட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இலையைக் கையில் வைத்து, தடவி, மணந்து, கசக்கிப் பார்த்து அது எதைப் போல இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிள்ளை சொல்வதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், வெட்டிய கடதாசி இலையில் எழுதி மரத்தில் ஒட்டுவது என் வேலை. "திருத்தாதே சூ, அவர்கள் சொல்வதுதான் முக்கியம்" என்று ஹெதர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

லியாம் தன் இலை பிட்ஸா போல என்றான். எழுதினேன். ஒரு பிள்ளை, பாட்டாவின் கை போல என்றது. எழுதினேன். உன் முறை வந்தது. நீ காய்ந்த இலை ஒன்றைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நொறுக்கினாய். முகமெல்லாம் சிரிப்பாக, என் காதில் மெல்ல, "அப்பளம் மாதிரி" என்றாய். எவ்வளவு சரியாகச் சொன்னாய்! அந்த மேசையில் அன்றைக்கு அதைவிட நல்ல பதில் வரவில்லை. நான் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷில்?" என்றேன். உனக்கு அதற்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் சட்டென்று வரவில்லை. இலையில் 'க்ரஞ்சி', மொறுமொறுப்பு, என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நீ எழுத்தைப் பார்த்துவிட்டு, "அது அப்பளமா?" என்று கேட்டாய். ஓம் என்று தலையாட்டினேன். பின்னேரம், முதுகு கொஞ்சம் தேறி வாசல் வரை வந்திருந்த அப்பாவை உள்ளே கூட்டிவந்து, சுவரில் இருக்கிற இலையைக் காட்டி, அப்பளம் என்று எழுதியிருக்கு என்றாய். அப்பா ஆங்கிலத்தை வாசித்தார், என்னைப் பார்த்தார், "ஓம் அப்பன், அப்பளந்தான்" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை ஏமாற்றினோம்.

அடுத்த கிழமைதான் இலை பொறுக்குகிற நடை. ஓடைக்கரைப் பூங்காவுக்கு நடந்து போனோம். வளையங்கள் கோத்த ஒரு நீளக் கயிறு. ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும். முன்னால் ஹெதர், நடுவில் லியாமின் தாய், கயிற்றின் கடைசியில் நான். யூகலிப்டஸ் மரத்துக்கு அடியில் நிறுத்தி, இந்த ஊர் மரம் இலையை ஒரேயடியாக உதிர்க்காது, பட்டையைத்தான் உரித்துப் போடும் என்று ஹெதர் காட்டினார். பிள்ளைகள் பட்டையைப் பிய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கடதாசிப் பை. உள்ளங்கையைவிடப் பெரிய இலை ஒன்று, நகத்தைவிடச் சின்னது ஒன்று, இரண்டு நிறம் உள்ளது ஒன்று. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த மேப்பிள் மரங்களுக்குக் கீழே எல்லோரும் பரந்தீர்கள். என் கையில் ஐந்து பிள்ளைகள், இன்னும் கயிற்றோடு. நீ ஹெதரின் கூட்டத்தில். நான்தான் உன்னை அங்கே விடச் சொன்னேன்.

நீ ஒரு கல் மதிலில் ஏறிக் கொப்பில் இருந்த இலையை எட்டியதை நான் கண்டேன். இறங்கு என்று கூப்பிட வாயெடுத்தேன்; ஆனால் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துவிடும் என நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த கணம் நீ கீழே கிடந்தாய். இடது கை உடம்புக்கு அடியில் மடிந்து போயிருந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மூச்சை எடுத்து நீ கத்தினாய்.

"சூ! சூ!"

இந்த உலகத்தில் நோ வந்தால் எங்கள் ஆட்கள் எதைச் சொல்லிக் கத்துவார்கள் என்று உனக்குத் தெரியும். எழுபது வயதுக் கிழவரும் கால் தடக்கினால் அதைத்தான் சொல்வார். நீ கை முறிந்து கிடந்தபோதும் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக நான் உன்னைப் பழக்கியிருந்தேன்.

நான் ஓடிவரவில்லை. இதுதான் நான் எழுத வந்தது. என் கையில் கயிறு இருந்தது, பக்கத்தில் கார்கள் போய்வந்தன, ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது சட்டம்தான், அது உண்மையான சட்டம். பிறகு வந்த வருடங்களில் எனக்கு நானே அதைத்தான் சொல்லி ஆறுதல் தேடினேன். ஆனால் லியாமின் தாய் என்னிலிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்றாள். அவளுடைய கையில் கயிற்றைக் கொடுத்திருக்கலாம். அவள் கையைக்கூட நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. "அது உன்னுடைய மகன் இல்லையா?" என்று அவள் கேட்டாள். "ஹெதர் பார்த்துக்கொள்வார்" என்றேன். என்னுடைய குரல் எவ்வளவு பொறுப்பாக, எவ்வளவு தொழில் தெரிந்த ஆளுடையதாக இருந்தது என்று எனக்கு இன்னும் கேட்கிறது. ஹெதர்தான் ஓடிவந்து, முழங்காலில் நின்று, தன் கழுத்துத் துணியால் உன் கையைக் கட்டினார். பிறகு நிமிர்ந்து, "சூ, என்ன செய்துகொண்டிருக்கிறாய்? வா!" என்று கத்தினார். அதன் பிறகுதான் வந்தேன்.

கிண்டரிலிருந்து ஆட்கள் வந்து மற்றப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைத்து, நோவுக்கு மருந்து கொடுத்து, கையைப் படம் எடுக்கக் காத்திருந்தோம். ஹெதர் அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்க வெளியே போனார். கதவு மூடியதும் நீ மெல்லக் கேட்டாய்.

"இப்ப அம்மா எண்டு சொல்லலாமோ?"

"ஓம் ராசா, சொல்லு."

"அம்மா." ஒரு தரம்தான் சொன்னாய். பிறகு கதவைப் பார்த்தாய். "ஹெதர் திரும்பி வந்தா?"

எனக்கு ஒரு வழி அங்கே திறந்தே இருந்தது. சட்டம் ஒன்றும் இல்லை, அம்மா பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ஏழு சொல் போதும். மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. நான் உன் தலையைத் தடவி, "வந்தா சூ எண்டு சொல்லு. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றேன். ஹெதர் கதவைத் திறந்து வந்தபோது நீ என்னைப் பார்த்து, கேட்கும்படியாக, "சூ, எனக்குத் தண்ணி" என்றாய்.

அடுத்த நாள் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பிள்ளையின் பெயர், நடந்த இடம், என்ன நடந்தது. கீழே, கண்ட பணியாளரின் கையெழுத்து. அதற்கும் கீழே, பெற்றோரின் கையெழுத்து. ஒரே தாளில் இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். ஹெதர் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்க வருகிறார் என்று நினைத்தேன். கோப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலை எனக்கு நிரந்தரமானது. 'இன்னும் கொஞ்ச நாள்' என்று சொன்ன சட்டத்தை நான் அந்த வருட முடிவு வரை எடுக்கவே இல்லை. எடுத்தால் ஏன் என்று நீ கேட்பாய், அப்போது உண்மையைச் சொல்ல வேண்டி வரும்.

கை மூன்று மாதத்தில் நேரானது. மற்றது ஆகவில்லை. வீட்டிலும் உனக்கு வாய் தவறிச் சூ என்று வரத் தொடங்கியது. நான் ஏசினேன். எங்கே எதைச் சொல்வது என்று உனக்குக் குழப்பம். கடைசியில் நீ இரண்டையும் விட்டுவிட்டாய். பள்ளிக்கூடம் போனாய், பல்கலைக்கழகம் போனாய், என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடாமலே வளர்ந்தாய். குசினிக்குள் வந்து நான் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நிற்பாய். தொலைபேசியில் "நான்தான் கதைக்கிறன்" என்று தொடங்குவாய். கூச்சப் பிள்ளை, ஆண்பிள்ளைகள் அப்படித்தான் என்று அயலில் இருந்த அன்ரிமாருக்குச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது உனக்குக் குடல்வால் அறுத்தார்களே, மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னாய். ஏன் சொல்லவில்லை என்று அழுதேன். "நீங்கள் வேலையில நிண்டிருப்பீங்கள்" என்றாய். கோபமில்லாமல், வெயிலடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாய். அது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி நாலாம் மாதம் கவிதா என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏன் அத்தை, இவர் உங்களை அம்மான்னு கூப்பிட்டு நான் ஒரு நாள்கூடக் கேட்டதே இல்லையே? எங்க வீட்ல என் தம்பி ஒரு நாளைக்கு நூறு வாட்டி கூப்பிடுவான், எங்கம்மாவுக்கே சலிச்சுப்போயிடும்." நான் வெங்காயத்தைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் சின்னனிலேயே அப்படித்தான் பிள்ளை" என்றேன். கவிதா, அதுவும் பொய்.

இடையில் நான் நல்ல பெயர் எடுத்தேன், அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்த மொட்டை மரத்தைச் சுவரில் ஒட்டுவது என் வேலையானது. வியட்நாமியப் பிள்ளை தன் மொழியில் சொன்னதை அதன் தகப்பனைக் கொண்டு எழுதுவித்தேன். அரபில், சிங்களத்தில், பஞ்சாபியில் இலைகள் தொங்கின. தாய்மாரைக் கூப்பிட்டு, வீட்டில் நீங்கள் கதைக்கிற மொழியை நிற்பாட்டாதீர்கள் என்று சொன்னேன். அழுகிற பிள்ளையை மடியில் வைத்து, அது எந்த மொழியில் அம்மாவைக் கேட்டாலும் விளங்கிக்கொண்டேன். பிரியாவிடையில் எல்லோரும் புகழ்ந்தது இதைத்தான். உனக்குச் செய்யாததை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்தேன். அவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. உனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

அன்றைக்குத் தேநீர் முடிந்து நீங்கள் விமானத்துக்குப் போன பிறகு ஹெதர் என் கையைப் பிடித்தார். "சூ, நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது பல விஷயம் மறந்து போகிறது. அப்படி ஒரு கொடுமையை நானா சொன்னேன்?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான், "அது அந்தக் காலம், விடுங்கள்" என்றேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் மறைத்தபோது எனக்கு வேலை போய்விடும் என்ற பயமாவது இருந்தது. இப்போது என்ன போய்விடும்? ஓய்வு பெற்ற ஒரு கிழவி இன்னொரு கிழவியை, தன் மறதியே தனக்கு எதிரி என்று நினைக்கும்படி விட்டுவிட்டு வந்தேன்.

ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் காரை எடுத்தேன். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிற அதே வழியில்தான் ஹெதரின் வீடு. முதலில் கோயில் வாசலில்தான் காரை நிறுத்தினேன். உள்ளே போகவில்லை. சாமியிடம் சொல்வது சுலபம். சாமி திருப்பி ஒன்றும் கேட்காது. அங்கிருந்து ஹெதரிடம் போனேன். கதவைத் திறந்ததும் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவர் என்னை இருக்கச் சொல்லி, தானும் எதிரே இருந்தார்.

"நான் அது உங்களுடைய வழக்கம் என்று நினைத்தேன்" என்றார் பிறகு. "தாயும் பிள்ளையும் வேலையிடத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள் என்று. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சூ. வருடக் கணக்காக." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்கும்தான். "கேட்க வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். அந்தப் படிவத்தில் நீ இரண்டு கையெழுத்துப் போட்ட அன்று வாய் வரைக்கும் வந்தது. மரியாதை இல்லாமல் போய்விடுமோ என்று விட்டுவிட்டேன். அவனை மம் என்று கூப்பிட விடு என்று ஒரு சொல் சொல்லியிருப்பேன், நீ கேட்டிருந்தால்." நான் மன்னிப்புக் கேட்டேன். தன் பங்குக்கு மன்னித்துவிட்டதாகச் சொன்னார். "ஆனால் மிச்சத்தை நான் தர முடியாது. அவனிடம் போய்ச் சொல்" என்றார்.

ஆரூரன், நிலா அடுத்த வருடம் உங்கள் பென்டில் ஹில்லில் கிண்டருக்குப் போகிறாள். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் தாய் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் கவிதாவுக்கும் பயங்கள் வரும். வேலை, விசா, வீட்டுக் கடன், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், எல்லாம் வரும். அந்தப் பயத்தைப் பிள்ளைக்குச் சட்டம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பயம் என்றே சொல்லுங்கள். அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளை வந்து கட்டிப்பிடிக்கும். வளரும்போது அதை மறந்தும் போகும். சட்டம் என்று சொன்னால் அது மறக்காது, வாழ்நாள் முழுக்கக் கீழ்ப்படியும். உன்னுடைய கீழ்ப்படிவைப் பார்த்து எத்தனை பேர் என்னிடம், நல்ல பிள்ளை பெற்றிருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் நான் நன்றி சொன்னேன்.

இதைத் தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ உடனே "இட்ஸ் ஓகே" என்றிருப்பாய். நான் முடிக்க முன்பே சொல்லியிருப்பாய். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஓகே இல்லை, ராசா. உனக்குக் கோபம் வந்தால் அது சரியான கோபம். கத்த வேண்டும் போல இருந்தால் கத்து. ஒரு கிழமை கதைக்காமல் இருக்க வேண்டும் போல இருந்தால் இரு. ஹெதருக்கு மட்டும் ஒரு தரம் தொலைபேசி எடுத்துக் கதை. அவர் செய்யாத பிழைக்கு அத்தனை பேர் முன்னால் சிரிக்க வேண்டி வந்தது.

வரும் சனிக்கிழமை காலை விமானத்தில் சிட்னிக்கு வருகிறேன். அப்பா வரவில்லை, நான் மட்டும். ஒவ்வொரு தரமும் நான், விமான நிலையத்துக்கு வராதே, கஷ்டப்படாதே, ரயிலில் வந்துவிடுவேன் என்று சொல்வேன். நீயும் சரி என்று வீட்டில் நிற்பாய். இந்த முறை அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு முழங்கால் நோ, பெட்டியும் பாரம், உன்னைப் பார்க்கப் பயமாகவும் இருக்கிறது. வா. கோபத்தோடு என்றாலும் வந்து நில்.